கொப்பரையில் நின்ற பாடம்

போன மாதம் எங்கள் பழைய பள்ளிக்கூடத்தில் ஸ்மார்ட் வகுப்பறை திறந்தார்கள். ரிப்பன் வெட்ட வயதான ஆள் ஒன்று வேண்டும் என்று யோசித்தபோது என் ஞாபகம் வந்திருக்கிறது. செவிலிமேட்டில் இருக்கும் என் வீட்டுக்கு ஆட்டோ அனுப்பி அழைத்துப் போய், சால்வை போர்த்தி, சுவர் அகலத்துக்கு இருந்த திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அறிவியல் ஆசிரியை சின்னப் பெண். அவர் விரலால் தொட்டதும் திரையில் ஓர் இதயம் துடித்தது. இன்னொரு தொடலில் அது இரண்டாகப் பிளந்து உள்ளறைகளைக் காட்டியது. நிஜமாகவே அசந்துபோனேன். எல்லாம் முடிந்ததும், "ஏதாவது கேக்கணுமா மேடம்?" என்றார். என் வாயில் ஒரே கேள்விதான் வந்தது.

"கரண்ட் போயிட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். யு.பி.எஸ். இருக்கிறதாம்.

"அதுவும் போயிட்டா?"

"அப்போ அடுத்த கிளாஸ்ல கன்டினியூ பண்ணிக்கலாம் மேடம்" என்றார் அந்தப் பெண், வெகு சாதாரணமாக.

நான் சிரிக்கவில்லை. பாதியில் நின்ற படம் என்னென்ன செய்யும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவள் நான். காப்பி குடிக்கும்போது அவர் விடாமல் கேட்டார், கொஞ்சம் சொன்னேன். முழுசாக இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நான் அந்தப் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். சொந்த ஊர் பக்கத்துக் கிராமமான கூரம். அப்பா பயிர் வைப்பவர். சேற்றிலும் சாணியிலும் புழு பூச்சியோடு வளர்ந்ததால் எனக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு கிடையாது. அது பெரிய பலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சேர்ந்த மறுவருஷம் பள்ளிக்கு ஒரு பிலிம் ஸ்ட்ரிப் புரொஜக்டர் வந்தது. அது சினிமாபோல் ஓடாது. சின்னச் சுருளில் அசையாப் படங்கள் வரிசையாக இருக்கும். குமிழைத் திருகினால் ஒன்று போய் அடுத்தது வரும். இயக்கக் கற்றுக்கொள்ள என்னை மெட்ராசுக்கு அனுப்பினார்கள். அங்கே கற்றதில் இன்றைக்கும் நினைவிருப்பது ஒன்றுதான்: பல்பு சூடாக இருக்கும்போது மிஷினை நகர்த்தாதே. மற்றதெல்லாம் எங்கள் தலைமையாசிரியை சுகிர்தம் அம்மாளிடம் கற்றுக்கொண்டது.

சுகிர்தம் அம்மாளைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். மனசு சரியாக இருந்தால் அவருக்கு உலகத்தில் எல்லோரும் 'நீ'தான். மாணவியும் 'நீ', டீச்சரும் 'நீ', கல்வி அலுவலகத்திலிருந்து வருகிற குமாஸ்தாவும் 'நீ'. என்னை "ராஜி, இங்கே வாடி" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "வாங்க", "உட்காருங்க", "சொல்லுங்க" என்று பன்மையில் ஆரம்பித்தால் கேட்கிறவருக்குக் கைகால் உதறும். குரல் உயரவே உயராது. ஒருமுறை பரீட்சையில் காப்பியடித்த பெண்ணிடம், "நீங்க கொஞ்சம் எழுந்து வர்றீங்களாம்மா?" என்று கேட்டார், அந்தப் பெண் அங்கேயே மயங்கி விழுந்தாள்.

புரொஜக்டர் விஷயத்தில் அவர் வைத்த முறை கறாரானது. எந்தச் சுருள் வந்தாலும் மதிய இடைவேளையில் முதலில் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வகுப்பில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, கஞ்சி போட்ட எட்டு முழ வேட்டியைத் திரையாகச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். மூன்றாவது விதிதான் முக்கியமானது. படம் விழுந்ததும் நான் வாயைத் திறக்கக் கூடாது.

"முதல்ல அதுங்க என்ன பாக்குதுங்கன்னு அதுங்களே சொல்லட்டும். தப்பாச் சொல்லட்டும், சண்டை போட்டுக்கட்டும். அப்புறம் நீ பேசு. நீ முதல்ல பேசிட்டா அதுங்க உன் வாயைத்தான் பாக்கும், படத்தைப் பாக்காது."

அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசிப் பழகிய எனக்கு இது பெரிய தண்டனை. ஆனால் பலன் கண்கூடு. முன்பு தூங்கி வழிந்த கடைசி பெஞ்சு, நிலாவின் குழிகளைப் பார்த்துப் பணியாரச் சட்டி என்று கத்தியது. அதிலிருந்து பிடித்துக்கொண்டு நான் பாடத்தை நடத்திவிடுவேன்.

அப்படித்தான் எட்டாம் வகுப்புக்குப் பட்டுப்புழுச் சுருளைப் போட்டேன். பட்டு நெய்யும் எங்கள் ஊரில் இதைவிடப் பொருத்தமான பாடம் இருக்க முடியுமா? வகுப்பில் பாதிப் பெண்கள் தறி வீட்டுப் பிள்ளைகள். காலையில் தறிச் சத்தத்தில் விழித்து, ராத்திரி தறிச் சத்தத்தில் தூங்குகிறவர்கள். ஆனால் ஒருத்திகூட பட்டுப்புழுவைப் பார்த்ததில்லை. நூல் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து கட்டுக் கட்டாக வந்து இறங்கும். அதற்கு முன்னால் நடப்பது யாருக்கும் தெரியாது. புழு நூலை விட்டுவிட்டுப் பூச்சியாகிப் பறந்துபோய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முட்டை வந்தது, "கேழ்வரகு" என்றார்கள். இலை தின்னும் புழு வந்தது. பாதிப் பேர் "ச்சீ", பாதிப் பேர் "ஐயோ, அழகா இருக்குதுடி". கூடு வந்தது. "வெள்ளை நிலக்கடலை!" என்று ஒரே கூச்சல். புழு தன்னைச் சுற்றித் தானே நூலால் கூடு கட்டிக்கொண்டு உள்ளே தூங்குகிறது, பூச்சியாக மாறப் போகிறது என்று விளக்கினேன். குமிழைத் திருகினேன். ஆவி பறக்கும் ஒரு பெரிய கொப்பரை. கொதிக்கும் நீரில் கூடுகள் மிதந்தன. ஒரு பெண்மணி குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கடலை அவிக்கறாங்க டீச்சர்!" என்று முன் பெஞ்சு சிரித்தது.

"கடலை இல்லடி" என்று ஒரு குரல் வந்தது. கஸ்தூரி. நெசவாளர் ஏகாம்பரத்தின் மகள். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த பெண். "டீச்சர், உள்ளதான் புழு தூங்குதுன்னீங்களே. அது எழுந்திரிச்சிருச்சா?"

டப்பென்று ஒரு சத்தம். திரை இருண்டது. வோல்டேஜ் எகிறி, பல்பு போய்விட்டது.

இருட்டுக்குள், "இல்லைம்மா, சூட்டுலதான் நூல் பிரியும்" என்றேன். அதற்குள் மணி அடித்தது. ஜன்னல் துணியை விலக்கியபோது கஸ்தூரி காலியான வேட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொப்பரைக்குப் பிறகும் அந்தச் சுருளில் படங்கள் இருந்தன. மறுநாள் அவற்றை வாயால் சொன்னேன். எல்லாக் கூட்டையும் அவிப்பதில்லை, விதைக்கு என்று கொஞ்சத்தை ஒதுக்கி வைப்பார்கள், அதிலிருந்து பூச்சி வரும், முட்டை இடும் என்று போர்டில் படம்கூடப் போட்டேன். எவளும் காதில் வாங்கவில்லை. கண்ணால் பார்த்தது கொப்பரை. அதை சாக்பீஸ் கோட்டால் அழிக்க முடியுமா?

சில நாள் கழித்து ஏகாம்பரம் தலைமையாசிரியை அறைக்கு வந்தார். சலவைச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"என் பொண்ணு டி.சி.யைக் குடுத்துடுங்கம்மா" என்றார் அவர்.

சுகிர்தம் அம்மாள் ஏன் என்று கேட்டார்.

"அது தறிகிட்டவே வர மாட்டேங்குதும்மா. நான் நெய்யும்போது வலப்பக்கம் குந்திக்கினு புடவைக் கரைக்கு நூல் ஓட்டுற கரை நாடாவைத் தள்ளுறது அதுதான். இப்போ, 'புழுவை அவிச்ச நூலு, தொட மாட்டேன்'னுது. ஆவணி முகூர்த்தத்துக்குக் குடுக்க வேண்டிய கல்யாணப் புடவை பாதியில நிக்குது. அதட்டிப் பார்த்தேன், அழுவுது. நேத்து எங்க வூட்ல அவ அம்மா பட்டு கட்டிக்கினு கோயிலுக்குக் கிளம்புனா. 'இதுக்கு எத்தினி புழும்மா?'ன்னு கேக்குது. அவ அப்படியே அவுத்துப் போட்டுட்டு குந்திட்டா." அவர் என் பக்கம் திரும்பினார். கோபத்தைவிட வருத்தம்தான் முகத்தில் அதிகம் இருந்தது. "படிக்கத்தானே டீச்சர் அனுப்புனோம்? சோறு போடுற தொழிலையே பாவம்னு சொல்லிக் குடுக்கறீங்களே."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனாலும் கஸ்தூரியை நினைத்துக் கவலையாக இருந்தது. வகுப்பிலேயே சுட்டியான பெண். அவளை நிறுத்திவிட்டால் அடுத்த வருஷம் கல்யாணப் பேச்சுதான் எடுப்பார்கள். அந்தக் காலம் அப்படி.

சுகிர்தம் அம்மாள் என்னைப் பார்த்தார். "டீச்சர், உட்காருங்க."

செத்தேன் என்று நினைத்தேன்.

"எந்தப் படத்துல நின்னுது, சொல்லுங்க."

"கொப்பரையில மேடம்."

"பூச்சி வெளிய வர்றதெல்லாம் அதுக்கப்புறம்தானே?"

"ஆமாம் மேடம்."

அவர் ஏகாம்பரத்திடம் திரும்பினார். "இதோ பாரு ஏகாம்பரம். பாடம் பாதியில நிக்குது. பாதிப் பாடத்துக்கு நான் டி.சி. குடுக்கறதில்லை. ஆடி அமாவாசைக்குத் தறி ஓடாது இல்ல? அன்னிக்குப் படையல் முடிச்சிட்டு வா. பொண்ணையும் கூட்டிக்கினு வா. ரெண்டு பேரும் முழுசாப் பாருங்க. பார்த்த பிறகும் வேணும்னா என் கையால எழுதித் தரேன்."

அமாவாசையில் எங்கள் ஊர்த் தறி எதுவும் ஓடாது. அது நெசவாளருக்கு ஓய்வு நாள். அவரால் மறுக்க முடியவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

"அமாவாசைக்குப் படம் தெரியணும் டீச்சர். நீங்க போகலாம்" என்றார் சுகிர்தம் அம்மாள் என்னிடம்.

பல்பு உள்ளூரில் கிடைக்காது. மெட்ராசில் கேட்டு எழுதியதற்குப் பதிலே இல்லை. அந்தப் பல்பு ஒருவழியாக வந்து சேர்ந்தபோது தீபாவளிக்கு விட்ட லீவு முடிந்திருந்தது. அது வேறு கதை. ஆண்கள் பள்ளியில் ஒரு புரொஜக்டர் இருந்தது. அங்கே போய்க் கெஞ்சினேன். அவர்களுடைய பல்பின் அடிப்பாகம் எங்கள் மிஷினில் நுழையவில்லை. சினிமாக் கொட்டகையில் கேட்டேன். ஆபரேட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர் மிஷினில் பல்பே கிடையாது, கரிக்குச்சி எரித்துத்தான் வெளிச்சம் என்றார். சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்குள் நடக்கும்போதெல்லாம் அந்த 'உட்காருங்க' முதுகுக்குப் பின்னாலேயே வந்தது.

அமாவாசை நெருங்கிய ஒரு மதியம், ஆசிரியைகள் அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே கூரையில் ஒரு வெளிச்சப் பொட்டு ஓடியது. இடமும் வலமுமாக ஆடியது. என் மூக்கின் மேலும் ஒரு தடவை உட்கார்ந்தது. முற்றத்தில் சாப்பிட்டுக் கை கழுவிய பெண்கள் டிபன் டப்பா மூடியில் வெயிலைப் பிடித்து உள்ளே அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு அறை விடலாம் என்று எழுந்து வாசல் வரைக்கும் போனேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் ஒளியும் கண்ணாடியும் நடத்துகிறவள் நான். பல்பு எதற்கு? வெயில்தான் ஊரெங்கும் கொட்டிக் கிடக்கிறதே!

அந்தப் பெண்களைத் திட்டாமல் டப்பா மூடியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதுங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் தையல் வகுப்பில் மாட்டியிருந்த பெரிய கண்ணாடியைக் கழற்றினேன். எட்டாம் வகுப்புக் கதவில் எப்போதோ பூட்டு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்கு நேராக உள்பக்கம் புரொஜக்டரை வைத்து, பின்மூடியைக் கழற்றினேன். வெளியே கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்ததும், வெயில் ஓட்டை வழியாகப் பாய்ந்து லென்சுக்குள் போய் வேட்டியில் விழுந்தது. பல்பு வெளிச்சத்தைவிடப் பளிச்சென்று! நான் தனியாகக் கைதட்டிக்கொண்டேன். ஆனால் சூரியன் நிற்காதே. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் ஓட்டையை விட்டு நழுவிவிடும். யாராவது வெளியே நின்று கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

சுகிர்தம் அம்மாளிடம் சொன்னேன். ஒரு பெண்ணை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"எந்தப் பொண்ணு படத்தைப் பார்க்காம வெளிய நிக்கணும்னு சொல்றீங்க டீச்சர்?" என்றார். இன்னும் பன்மைதான். "நான்தான் முதல்லயே பார்த்தாச்சே. நான் பிடிக்கறேன்."

ஆடி அமாவாசை அன்று மதியம் ஏகாம்பரம் நெற்றியில் திருநீறோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் கஸ்தூரி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. மற்றப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே, ஊரே மரியாதை வைத்திருந்த தலைமையாசிரியை, தகிக்கிற முற்றத்தில் கண்ணாடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். குடை சுவரில் சாத்தியிருந்தது. குடை பிடிக்க மூன்றாவது கை வேண்டுமே.

முதலிலிருந்து போட்டேன். முட்டை, புழு, இலை, கூடு. இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. ஏகாம்பரம் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். கூட்டின் படம் வந்ததும், "இவ்ளோ சின்னதா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். தினமும் அந்த நூலைத் தொடுகிற மனிதர். அவரும் இதையெல்லாம் அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

குமிழைத் திருகினேன். கொப்பரை.

அப்போது பார்த்து வெளிச்சம் மங்கியது. ஆடிக் காற்றில் ஒரு மேகம் வந்து சூரியனை மூடிக்கொண்டது. மறுபடியும் அதே கொப்பரை, அதே இருட்டு. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அடுத்த படத்துக்குத் திருப்பலாம் என்றால் திரையில் எதுவும் தெரியாது.

இருட்டில் ஏகாம்பரத்தின் குரல் வந்தது.

"டீச்சர், அது செத்துத்தான் ஆவணுமா?"

மகள் கேட்க வந்த அதே கேள்வி. இந்தத் தடவை மணி அடிக்கப் போவதில்லை. மழுப்பாமல் சொன்னேன்.

"ஆமாங்க. அதை விட்டா கூட்டை ஓட்டை போட்டுக்கினு வெளிய வரும். நூல் துண்டு துண்டாப் போயிடும். நீளமா ஒரே இழையா வேணும்னா உள்ளே இருக்கறப்பவே அவிச்சாகணும்."

அவர் அசைந்து உட்கார்ந்ததில் பெஞ்சு கிரீச்சிட்டது. பிறகு, "இழை அறுந்தா நெய்ய முடியாதுதான்" என்றார் மெதுவாக. "ஆனா பாவம்தான், கஸ்தூரி. நீ சொன்னது பொய்யில்ல."

அப்பா அப்படிச் சொல்வார் என்று அந்தப் பெண் எதிர்பார்க்கவில்லை. இருட்டில் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மேகம் நகர்ந்தது. கொப்பரை ஒரு நொடி பளிச்சென்று தெரிந்தது, உடனே திருகினேன். ஒதுக்கி வைத்த கூடுகள். ஒரு கூட்டின் முனை நனைந்து, ஓட்டையாகி, தலை நீட்டுகிற வெள்ளைப் பூச்சி. அடுத்ததில் முழுசாக வெளியே வந்து, சிறகு விரித்து, கூட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. சுகிர்தம் அம்மாளின் விதிப்படி நான் வாயைத் திறக்கவில்லை.

"வந்துருச்சு!" என்று கஸ்தூரி எழுந்தே நின்றுவிட்டாள். "அப்போ கொஞ்சத்தை விட்டுடறாங்களா?"

"வுடலைன்னா அடுத்த வருஷம் நூல் ஏதும்மா?" என்றார் அவள் அப்பா.

வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. பூச்சிக்கு வாய் இருக்கிறதா, அது என்ன சாப்பிடும், அறுந்த நூலை என்ன செய்வார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. கொப்பரையில் நின்றுபோயிருந்த பாடம் திரும்ப நடக்கத் தொடங்கியது. அவ்வளவு நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து போனது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கடைசிப் படம் முடிந்ததும் கஸ்தூரி அப்பாவிடம் பேரம் பேசினாள். எல்லோர் காதிலும் விழுந்தது.

"அந்தக் கல்யாணப் புடவையை முடிச்சுத் தரேன்பா. பாதியில வுட்டா அதுங்க செத்தது வீணாப் போயிடும். அதுக்கப்புறம் என்னை தறியில குந்தச் சொல்லக் கூடாது."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் எனக்கென்ன வேலை?

"சரி, பள்ளிக்கூடம் போ" என்றார். பிறகு என்னிடம், "டி.சி. வேணாம் டீச்சர். பெரிய டீச்சரம்மாகிட்ட சொல்லிடுங்க" என்று வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்தார்.

கஸ்தூரி சொன்னபடி புடவையை முடித்துக் கொடுத்தாள். அப்போது கடைசி வகுப்பான பதினொன்றாம் வகுப்பு வரைக்கும் எங்களிடமே படித்தாள். தறிப் பக்கம் போகவே இல்லை. ஏகாம்பரம் கரை நாடாவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு நான் வெளியே வந்தேன். சுகிர்தம் அம்மாள் இன்னும் கண்ணாடியைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். முகம் செங்கல் நிறத்தில் கன்றியிருந்தது. ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. ஏகாம்பரம் கும்பிட்டுவிட்டுப் போனதை மட்டும் பார்த்திருக்கிறார்.

"என்ன சொன்னாரு?"

"டி.சி. வேணாம்னுட்டாரு மேடம்."

அவர் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். மரத்துப்போன விரல்களை நீட்டி மடக்கினார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் என்னடி ராஜி, மரமாட்டம் நின்னுக்கினு பாக்கறே? போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டாடி."

குடிதண்ணீர்ப் பானையிடம் ஓடினேன். சொம்பைக் கையில் எடுத்தேன். மொள்ள முடியவில்லை. அங்கேயே நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் தண்ணீர் மொண்டேன்.